குரங்குக்கு எல்லை தெரியாது, மெம்பர் தம்பி

வாங்க மெம்பர் தம்பி, உட்காருங்க. முந்தி மாதிரி "டேய்"னு கூப்பிட வாய் வருது, அடக்கிக்கிறேன். இப்ப நீங்க சாதாரண ஆளா? 2025 மே 6ஆம் திகதி சனம் வரிசையில நின்னு புள்ளடி போட்டு அனுப்பின ஆள். சட்டையப் பாத்தாலே தெரியுது. உக்குவளையில இம்புட்டு வெள்ளைய வேற எவன்கிட்டயும் நான் பாக்கல.

கொழும்புல சம்மேளனக் கூட்டமாம், நாட்டுல உள்ள உள்ளூராட்சி சபைக்காரங்க எல்லாம் ஒண்ணா சேருறாங்களாம், தவிசாளர் கூட நீங்களும் போறீங்களாம்னு கடையில பேச்சு. ரொம்ப சந்தோஷம். போறதுக்கு முன்ன இந்தக் கிழவன்கிட்ட ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க. சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன், டாக்டர் உத்தரவு. பேச்சுல மட்டும் எந்த டாக்டரும் எனக்குப் பத்தியம் வைக்கல.

அந்த சம்மேளனம்னா என்னன்னு கடையில ஒருத்தன் கேட்டதுக்கு "அது பெரிய இடம்"னு சொன்னீங்களாமே? நல்ல பதில். தெரியாததுக்கெல்லாம் அதைச் சொல்லலாம், எவனும் மறு கேள்வி கேக்க மாட்டான். ஆனா கொழும்புல கேப்பான் தம்பி. அதனால காதைக் குடுங்க.

நாட்டுல 29 மாநகர சபை, 36 நகர சபை, 276 பிரதேச சபை. கூட்டினா 341. கொழும்பு மாநகர சபையும் அதுல ஒண்ணுதான், நம்ம உக்குவளைப் பிரதேச சபையும் அதுல ஒண்ணுதான். இந்த மூணு வகையும் சேர்ந்து வச்சிருக்கிறதுதான் இலங்கை உள்ளூராட்சி அதிகார சபைகளின் சம்மேளனம். அது திணைக்களமும் இல்ல, அமைச்சும் இல்ல. மேல இருந்து கீழ வர்றதுக்கு சுற்றுநிருபம் இருக்கு, வாரத்துக்கு வாரம் வரும். கீழ இருந்து மேல போறதுக்கு என்ன இருக்கு? அதுக்குன்னு வச்ச வாய்தான் இது. சட்டம் திருத்தணும்னா அரசாங்கத்தோட பேசணும், மெம்பர்மாருக்குப் பயிற்சி குடுக்கணும், பொதுநலவாய உள்ளூராட்சி மன்றம் மாதிரி வெளிநாட்டு அமைப்புகள்ல நம்ம சபைகளுக்காக உக்காரணும். இதெல்லாம் அதோட வேலை. வாய் இருக்கு. அதுல வார்த்தைய வைக்கிறது யாரு? நீங்கதான். நீங்க ஒண்ணும் கொண்டு போகலன்னா அது கொட்டாவி விடும், வேற என்ன செய்யும்?

இதுக்கெல்லாம் எதுக்கு ஒரு சங்கம்னு உங்க மூஞ்சி கேக்குது. குரங்கைக் கேளுங்க, சொல்லும்.

2025 மார்ச் 15ஆம் திகதி காலையில 8 மணியில இருந்து 8.05 வரைக்கும் நாடு முழுக்கக் குரங்கு, மர அணில், மயில் எல்லாத்தையும் எண்ணச் சொன்னாங்களே, நினைவிருக்கா? நானும் தாளும் பேனாவுமா முத்தத்துல நின்னேன். குரங்கு கூரையில இருந்து என்னை எண்ணிட்டுப் போயிருச்சு. பிறகு அதுக்குக் கருத்தடை செய்து பாக்குற திட்டம்னாங்க. அந்தப் பரீட்சைக்கும் நம்ம மாத்தளை மாவட்டம்தான் அகப்பட்டுச்சு. இருக்கட்டும். விஷயம் என்னன்னா, உக்குவளையில வெடி போட்டுத் துரத்தினா அது மாத்தளை மாநகர எல்லைக்குப் போகும். மாநகரக்காரன் துரத்தினா யட்டவத்தைக்குப் போகும். யட்டவத்தைக்காரன் நல்ல மனுஷன், பத்திரமா நமக்கே திருப்பி அனுப்புவான். தேங்காய் போச்சுன்னா அது விவசாயம், ஒரு அமைச்சு. குரங்கு வனசீவராசி, அது இன்னொரு அமைச்சு. குப்பை அள்ளுறது சபை வேலை, ஆனா அள்ளாத குப்பையைத் திங்க வர்ற குரங்கு சபை வேலை இல்ல. எவன் வேலைன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள என் பலாக்காய் பழுக்குறதுக்கு முன்னமே காலி.

இதுக்கு உக்குவளைச் சபை தனியா ஒரு கடுதாசி போட்டா என்ன ஆகும்? உதவி ஆணையாளர் கந்தோர், அங்கிருந்து மாகாண ஆணையாளர், அங்கிருந்து கொழும்பு. ஒவ்வொரு மேசையிலயும் ஒரு சிவப்புக் கோடு, ஒரு முத்திரை. கடைசி மேசைக்காரன் பாத்துட்டு "உக்குவளை எங்க இருக்கு?"ம்பான். அதே கடுதாசியை குரங்குத் தொல்லை உள்ள நூறு சபை ஒரே நாள்ல ஒரே வாசகத்துல குடுத்தா, அவன் வரைபடத்தை எடுத்து வச்சிக்கிட்டுத்தான் பேசணும். சம்மேளனம்னா இதுதான் தம்பி. மத்தபடி மேடை, மாலை, குழுப்படம் எல்லாம் மேல தூவுற கொத்தமல்லி.

நம்ம ஊர் மின் நிலையத்தை எடுத்துக்குங்க. பொல்கொல்லையில மகாவலியை மறிச்சு, மலையைக் குடைஞ்சு, 8 கிலோமீட்டர் சுரங்கத்துல கொண்டாந்து உக்குவளையில விழ வச்சு கரண்ட் எடுக்குறாங்க. 1976ல இருந்து ஓடுது. விழுந்த தண்ணி சுதுகங்கையில கலந்து போவதென்ன வழியா உலர் வலயத்து வயலுக்குப் போகுது. கரண்ட் நாட்டுக்கு, தண்ணி வடக்க இருக்கிற விவசாயிக்கு. நல்லா இருக்கட்டும், நான் பொறாமைக்காரன் இல்ல. நமக்கு என்ன கிடைச்சுச்சு? பேரு! பள்ளிக்கூடப் புத்தகத்துல பேரு வருதே, போதாதா?

நோர்வேன்னு ஒரு நாடு இருக்கே, சமாதானம் பேச வந்தாங்களே, அவங்கதான். அங்க மலையாறு இருக்கிற ஊர்ச்சபைக்கு, அந்த ஆத்துல எடுக்கிற கரண்டுல பத்து வீதம் வரைக்கும் அடக்கவிலைக்கே குடுக்கணும்னு சட்டம். சட்டம் மட்டும் இருந்தா அதைக் காப்பாத்த ஆள் வேணுமே! 1977ல நீர்மின் நிலையம் உள்ள சபைகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குன்னு ஒரு தேசிய சங்கம் வச்சிக்கிச்சு. நம்ம நிலையம் ஓடத் தொடங்கி அடுத்த வருஷம். நாம திறப்பு விழாவுக்குக் கைதட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டோம், அவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வச்சிக்கிட்டான். கொத்மலை, விக்டோரியா, லக்சபானை, உக்குவளைன்னு நம்ம நாட்டுலயும் அணையும் மின் நிலையமும் உள்ள சபைகளுக்குக் குறைச்சல் இல்ல. அந்த ஊர் மெம்பர்களைக் கொழும்புல தேடிப் பிடிங்க. சாப்பாட்டு வரிசையில நிப்பாங்க. அங்கயே பேச்சைத் தொடங்கலாம்.

காசுன்னு வந்தாலே நம்ம மாத்தளை மண்ணுக்கு ஒரு சூடு உண்டு. 1848ல டொரிங்டன் தேசாதிபதி நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரின்னு அடுக்கினார். அதுக்கு மேல, ஆம்பளையாப் பொறந்தவன் ஒவ்வொருத்தனும் வருஷத்துக்கு ஆறு நாள் சும்மா வந்து றோட்டு வேலை செய்யணும், இல்லன்னா காசு கட்டணும்னார். ஊரைக் கேட்டாரா? இல்ல. கொங்காலேகொட பண்டாவும் வீரபுரன் அப்புவும் கிளம்பினாங்க, மாத்தளை பத்திக்கிச்சு. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவை வெள்ளைக்காரன் சுட்டுக் கொன்னான். அதுக்குப் பிறகுதான் 1865ல மாநகர சபைக்கு ஒரு சட்டம், 1871ல கிராமச் சங்கத்துக்கு ஒரு சட்டம்னு வந்துச்சு. இதனாலதான் அதுன்னு நான் சாதிக்க வரல. ஆனா ஊரைக் கேக்காம ஊர்கிட்ட காசு கேட்டா என்ன ஆகும்னு அவனுக்கு ஒரு தடவை தெரிஞ்சு போச்சு.

இன்னைக்குக் கதை தலைகீழ். ஊர்க் காசே ஊர்ச் சபைக்கு வர்றதுக்கு வழி கேக்குது. சோலைவரி, ஏக்கர் வரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமப் பணம், இதெல்லாம் நேரா வருது. காணி எழுதுறப்ப கட்டுற முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத்துல போடுற தண்டப் பணமும் மாகாணத்துக்குப் போய்த்தான் நமக்குத் திரும்பணும். மாகாண சபைன்னா என்னன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குக் காட்டக்கூட ஒண்ணு இல்ல. மத்திய மாகாணத்துக்குக் கடைசியா 2013ல தேர்தல் வச்சாங்க, 2018ல காலம் முடிஞ்சுச்சு, அன்னையில இருந்து ஆளுநர்தான் எல்லாம். நம்மளை மேற்பார்வை பாக்குற பொறுப்பை 13ஆம் திருத்தம் மாகாணத்துக்குக் குடுத்திருக்கு. சபைய எப்படி அமைக்கிறதுங்கிற சட்டம் பாராளுமன்றத்துகிட்ட. அப்ப உங்க சம்மேளனம் எந்தக் கதவைத் தட்டும்? ரெண்டையும் தட்டணும். ஒரு கதவுக்குப் பின்னால தெரிவான ஆளே இல்ல. இப்படி ஒரு வீட்டுக்குத் தபால் குடுக்கப் போறவனுக்குப் பொறுமை வேணும் தம்பி. சம்மேளனத்தைத் திட்டுறதுக்கு முன்ன இதையும் நினைச்சுக்குங்க.

சரி, தேத்தண்ணி ஆறுது, குடிங்க. இனிச் சொல்றது கொஞ்சம் கசக்கும்.

நான் தோட்டத்து லயத்துல பொறந்தவன். 1937ல கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்துறப்பவே தோட்டத்துத் தொழிலாளிக்கு அதுல வாக்கு வேணாம்னு வச்சிட்டாங்க. 1948ல பிரஜாவுரிமையே போச்சு. அது திரும்பி வந்து, வாக்கு வந்து, எங்க ஆளும் சபைக்குப் போற காலம் வந்தப்ப, 1987ஆம் வருஷத்து 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவு வழிய மறிச்சிக்கிட்டு நின்னுச்சு. தோட்டம் கம்பனி நிலம், சபைக் காசை அங்க செலவழிக்க முடியாதுன்னு அர்த்தம் சொன்னாங்க. வாக்குக் கேக்க லயத்து வாசல் வரைக்கும் வந்த மெம்பர், கல்லும் தாரும் மட்டும் கேட்டுக்கு வெளியிலயே இறக்கினார். அவர்மேல பிழை இல்ல, செலவழிச்சா கணக்காய்வாளர் கழுத்தைப் பிடிப்பார். 2018ல தான் அந்தப் பிரிவைத் திருத்தினாங்க. முப்பது வருஷத்துக்கு மேல!

நுவரெலியா, கண்டி, பதுளை, இரத்தினபுரி, கேகாலை, நம்ம மாத்தளைன்னு எத்தனை மாவட்டத்துச் சபைகள்ல இந்த ஒரே முடிச்சு! ஒவ்வொருத்தனும் தன் ஊர் மேடையில ஏறி மைக் கிழியப் பேசினான். தோட்டமே இல்லாத சபைக்காரன், "இது அவங்க பிரச்சினை"ன்னு கையைக் கட்டிக்கிட்டு இருந்தான். 341ம் இதைத் தன் பிரச்சினையா எடுத்திருந்தா முப்பது வருஷம் ஆயிருக்குமா? அம்பாந்தோட்டை மெம்பர் எழும்பி லயத்து றோட்டைப் பத்திப் பேசுற அன்னைக்கு, உங்க சம்மேளனத்துக்கு நானே தேங்காய் உடைக்கிறேன். குரங்கு மிச்சம் வச்சா.

நீங்க பதில் சொல்லப் போறது எனக்குத் தெரியும். "மூத்தவரே, கட்சி விடாதே!" அதுதான் நோய். திசைகாட்டி, தொலைபேசி, யானை, மொட்டு, சேவல்னு ஆளுக்கு ஒண்ணை நெஞ்சில குத்திக்கிட்டுத்தான் எல்லாரும் கொழும்புக்குப் போறீங்க. தன் கட்சி ஆட்சியில இருந்தா அமைச்சரைக் கேள்வி கேக்கப் பயம். இல்லன்னா கேள்வி மட்டும்தான். இங்கிலாந்துலயும் கட்சி இருக்கு தம்பி. அங்க 1997ல மூணு சங்கத்தை ஒண்ணாக்கி ஒரே சங்கம் வச்சாங்க. அதுக்குள்ள தொழிற்கட்சிக்கு ஒரு குழு, பழமைவாதிக்கு ஒரு குழு, லிபரலுக்கு ஒண்ணு, சுயேச்சைக்கு ஒண்ணு. கட்சியை ஒளிக்கல, வெளிச்சத்துல வச்சிக்கிட்டே சண்டை பிடிக்கிறாங்க. அரசாங்கம் காசை வெட்டுறப்ப மட்டும் எல்லாக் குழுவும் ஒரே மேசைக்கு வந்துரும். சபை ஊழியரோட சம்பளத்துக்குத் தொழிற்சங்கத்தோட பேரம் பேசுறப்பவும் சபைகள் பக்கம் உக்காருறது அந்தச் சங்கம்தான். முக்கியமானது இது: சேருறதும் விலகுறதும் சபையோட இஷ்டம், சேர்ந்தா சந்தா கட்டணும். சந்தா கட்டினவனுக்குத்தான் "என்ன செய்தீங்க?"ன்னு கேக்க நாக்கு வரும். உக்குவளையோட சந்தா கட்டியாச்சான்னு செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. அங்க போய் மைக்குல கேட்டு முழிக்காதீங்க.

தென்னாபிரிக்காக்காரன் இன்னும் ஒரு படி மேல போனான். 1996ல எழுதின அரசியலமைப்புலயே சபைகளோட சங்கத்துக்கு இடம் குடுத்துட்டான். மாகாணங்களோட மேல்சபையில அந்தச் சங்கம் பத்துப் பேர் வரைக்கும் உக்கார வைக்கலாம். பேசலாம், வாக்களிக்க முடியாது. கல்யாண வீட்டுல தாய்மாமனை முன்வரிசையில உக்கார வச்சு, பொண்ணு யாருங்கிறதை மட்டும் கேக்காம முடிவு பண்ற மாதிரி. சிரிக்காதீங்க. நமக்கு அந்த முன்வரிசை நாற்காலியும் இல்ல.

நாற்காலி இல்லாட்டி என்ன ஆகும்னு பாத்தீங்கதானே? 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல்னாங்க. 80,000 பேரளவுல வேட்பு மனு குடுத்தாங்க, உங்களையும் சேர்த்து. திறைசேரியில காசு இல்லன்னாங்க. ஏப்ரல் 25னாங்க, அதுவும் போச்சு. மார்ச் 19ஆம் திகதியோட சபைகளோட ஆயுள் முடிஞ்சுச்சு. மனு குடுத்த அரசாங்க ஊழியர்கள் வேலைக்கும் போக முடியாம, வாக்குக் கேக்கவும் வழியில்லாம நடுவுல தொங்கினாங்க. நீங்க அடிச்ச சுவரொட்டியை ஆடு தின்னு, அந்த ஆட்டை ஊர் தின்னு, அதுக்கும் பிறகு 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதிதான் உயர் நீதிமன்றம், தேர்தல் வைக்காதது அடிப்படை உரிமை மீறல்னு தீர்ப்புச் சொன்னுச்சு. புதுச் சபைகள் உக்கார 2025 ஜூன் 2 ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல சபை இருந்துச்சு, கட்டடம் இருந்துச்சு, செயலாளர் இருந்தார். கேள்வி கேக்க மெம்பர் ஒருத்தர் இல்ல. தவிசாளரும் மெம்பரும் இல்லாத நாட்டுல அவங்களோட சம்மேளனம் யார் பேரால பேசும், சொல்லுங்க?

இதுல வேடிக்கை கேளுங்க. 2005ல ஸ்கொட்லாந்துல அபர்தீன்ங்கிற ஊர்ல பொதுநலவாய நாட்டுச் சபைக்காரங்க கூடி உள்ளூராட்சிக்குப் பன்னிரண்டு கொள்கை எழுதினாங்க. அதே வருஷம் நாட்டுத் தலைவர்களும் ஆமான்னாங்க. சபையை அரசியலமைப்புல ஏத்துக்கணும், சனம் தன் ஆளைத் தெரிவு செய்ய முடியணும், தேவையான காசு நியாயமாக் கிடைக்கணும், எல்லாம் அதுல இருக்கு. நம்ம நாடும் பொதுநலவாயம்தான். கொள்கைக்கு ஆமான்னு தலையாட்டுறதுக்குத் திறைசேரியில காசு தேவைப்படல பாருங்க.

ஒரு நல்லதையும் சொல்லிடுறேன், இல்லன்னா கிழவன் எல்லாத்துக்கும் வாய் வைக்கிறான்னு பேர் வரும். 2018க்கு முன்ன உள்ளூராட்சி மெம்பர்கள்ல நூத்துக்கு ரெண்டு பேர்கூட பெண்கள் இல்ல. 25 வீதம்னு சட்டம் வந்த பிறகு அஞ்சுல ஒருத்தருக்கு மேல பெண்கள். மெம்பர் தொகையும் நாலாயிரத்துச் சொச்சத்துல இருந்து எட்டாயிரத்தைத் தாண்டிருச்சு, நாற்காலி செய்றவனுக்கும் நல்ல காலம். உங்க சபையிலயும் பெண் மெம்பர்கள் இருக்காங்களே, கொழும்புக்குப் போற வாகனத்துல அவங்களுக்கு இடம் இருக்கா? தண்ணிக் குழாய் எந்தச் சந்தியில எத்தனை மணிக்கு நிக்குதுன்னு அவங்ககிட்ட கேளுங்க, நிமிஷக் கணக்கோட சொல்வாங்க. நீங்க திட்ட அறிக்கையைப் புரட்டுவீங்க.

இனிப் போற முறை. முன்வரிசையில உக்காராதீங்க, அங்க தூக்கம் வந்தா எல்லாருக்கும் தெரியும். அமைச்சர் பேசி முடிச்சதும் படம் எடுக்க ஓடாதீங்க, அவர் கிளம்பின பிறகுதான் கூட்டமே தொடங்கும். கைநூலை வாங்கி வாகனத்துப் பின் சீட்டுல போடாதீங்க, போன தடவை யாரோ கொண்டாந்ததுலதான் கடைக்காரர் வடை மடிச்சார், நானே கூட்டத் தீர்மானத்தை எண்ணெயோட வாசிச்சேன். சிங்களத்துல பேசினா விளங்குற வரைக்கும் கேளுங்க, விளங்காத இடத்துல தமிழ்ல எங்கன்னு கூச்சமில்லாமக் கேளுங்க. ரெண்டும் அரச கருமமொழிதான். சாப்பாட்டுக்கு முன்ன எழும்பிடாதீங்க, சாப்பிட்ட கையோடயும் எழும்பிடாதீங்க. தீர்மானம் நிறைவேத்துறது சாயந்தரம்தான். பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போன பிறகு, மிச்சம் இருக்கிறவன் எழுதுறதுதான் நாடு தழுவிய சபைகளோட முடிவு!

இன்னும் ஒண்ணு. போறதுக்கு முன்ன சபையைக் கூட்டி குரங்குக்கு ஒண்ணு, மின் நிலையத்துக்கு ஒண்ணு, தோட்டத்து றோட்டுக்கு ஒண்ணுன்னு மூணு தீர்மானம் போட்டு, எதிர்க்கட்சி மெம்பர் கையெழுத்தையும் வாங்கிக் கொண்டு போங்க. அது இல்லாமப் போனீங்கன்னா நீங்க போறது உக்குவளைக்காக இல்ல, அந்தச் சட்டைக்காக.